கறுப்புத் துணியை நம்பிக் கெட்டேன்

இலைமேல் பட்டுத் திரும்பும் ஒளியை அளக்கும் வேலை. ஆய்வகத்தின் ஒரு மூலையை இருட்டாக்கி, ஹாலஜன் விளக்கு, 350 முதல் 2500 நானோமீட்டர் வரையுள்ள அலைநீளங்களில் ஒளியைப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர், மேசையிலும் சுற்றிலும் கறுப்புத் துணி என்று ஏற்பாடு செய்தேன். ஒரு வாரத்தில் முடியும் என்றுதான் நினைத்தேன். மூன்று வாரம் இழுத்தது.

முதலில் விளக்கு படுத்தியது. போட்டதுமே அளக்க உட்கார்ந்துவிட்டேன். அளவுகோலாக வைக்கும் வெள்ளைத் தகட்டைப் பார்த்து 1 என்று பதிந்தேன். கால் மணி கழித்து அதே தகடு 1.03 காட்டியது. விளக்கு சூடேறி நிலைக்கு வரவே இல்லை! இப்போது அரை மணி நேரம் எரியவிட்ட பிறகுதான் கையே வைப்பேன்.

அடுத்ததுதான் ஆளை அலைக்கழித்தது. கண்ணுக்குத் தெரியும் நிறங்களில் வரைகோடு ஒழுங்காக வந்தது. ஆனால் 800 நானோமீட்டர் அருகே, விழும் ஒளியில் ஐம்பது சதவீதத்தை ஒட்டித் திருப்ப வேண்டிய இலை, அறுபதைத் தாண்டியது. ஒளியைக் கருவிக்குக் கொண்டுவரும் ஃபைபரைக் கழற்றி மாட்டினேன், கோணத்தை மாற்றினேன், கருவியைத் திட்டினேன். ஒருநாள் இலையை எடுத்த பிறகு அளவை நிறுத்த மறந்துவிட்டேன். திரையில் வெறும் துணியின் கோடு ஓடிக்கொண்டிருந்தது. 700 நானோமீட்டர் வரை தரையோடு கிடந்தது, அதற்கப்புறம் சுவர் மாதிரி செங்குத்தாக ஏறியது.

துணியின் சாயம் நம் கண்ணுக்கு மட்டும்தான் கறுப்பு. சிவப்பைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பில் அது கிட்டத்தட்ட வெள்ளைத் துணி. இலையோ அந்த ஒளியில் ஏறக்குறைய பாதியைத் தன்னூடே கீழே விட்டுவிடும். அது துணியில் மோதி, மறுபடி இலை வழியே ஏறிவந்து கணக்கில் சேர்ந்திருக்கிறது. துணியைச் சுருட்டிப் போட்டுவிட்டு, கார்பன் கலந்த பளபளப்பில்லாத கறுப்புப் பெயிண்ட் அடித்த பலகையை வைத்தேன். கோடு இறங்கிவிட்டது. என் சட்டையும் சாயம் போட்டதுதானே, அதனால் அளக்கும்போது நானும் தள்ளியே நிற்கிறேன்.

இன்னொன்று, விளக்குச் சூட்டில் இலை காயும். 1450, 1940 நானோமீட்டரில் நீர் உறிஞ்சுவதால் விழும் பள்ளங்கள் கண்ணெதிரே மேடாகின. இப்போது ஒவ்வோர் அளவுக்கும் நடுவே விளக்குக்கு முன் ஓர் அட்டையை வைத்து மறைக்கிறேன்.

முதல் இரண்டு வாரத்து அளவுகளை அழிக்க மனம் வரவில்லை. ‘துணி’ என்று பெயரிட்ட ஃபோல்டரில் கிடக்கின்றன.