பேனாவில் படிந்த வெள்ளை

போன கிழமை ஹட்டனில் விடாத மழை. பிடுங்கிப்போட்ட பழைய தேயிலைச் செடியின் அடிக்கட்டையில் ஒரு பேனா கடைந்து, மேலே பளபளப்புப் பூச்சாக சுப்பர் குளூ பூசினேன். காய்ந்ததும் பார்த்தால் சாம்பல் தூவியதுபோல வெள்ளை படர்ந்திருந்தது. மனசே விட்டுப்போயிற்று.

காரணம் ஈரம்தான். இந்தப் பசை இறுகுவதே காற்றின் ஈரத்தால். ஈரம் மிஞ்சினால் பசையின் ஆவி காற்றிலேயே இறுகி, வெள்ளைத் தூளாகப் படிகிறது. சீக்கிரம் காயவைக்கும் ஸ்பிரேயைக் கிட்ட வைத்து அடித்ததும் என் பிழை. அதனால் குமிழிகள் உள்ளேயே நின்றுவிட்டன.

சரி என்று, மரம் தெரியும்வரை தேய்த்தேன். இரண்டு நாள் அடுப்பங்கரையில் வைத்தேன். இந்த முறை ஒரு பூச்சுக்கு இரண்டே துளி, டிஷ்யூ தாளால் மெல்லிசாக. (பருத்தித் துணி வேண்டவே வேண்டாம். பசை பட்டால் சூடேறி விரலைச் சுட்டுவிடும்.) பத்துப் பூச்சு, ஒவ்வொன்றும் தானாகவே காய்ந்தது.

அப்புறம், பூச்சை மெருகேற்றத் தண்ணீர் தொட்டுத் தேய்க்குமுன் மரத்தின் இரண்டு நுனிகளையும் பசையால் அடைத்துவிடுங்கள். நீர் அந்த வழியாகப் புகுந்தால் விளிம்பில் பூச்சு வெளுத்துக் கிளம்பும்.

இப்போது கவ்வாத்துக் கத்தி பட்ட பழைய தழும்பு, தேன் நிறத்துக்கு நடுவே கறுப்பாகத் தெரிகிறது. பேனா அம்மாவுக்கு. அவர் கொழுந்து பறித்த மலையின் செடி அது.