யாரைப் பார்க்க வந்தீர்கள்?

டோக்கியோவின் கோஎன்ஜி பகுதியில், ஒரு பழைய கட்டடத்தின் நிலவறைக்கு இறங்கும் குறுகிய படிக்கட்டின் முடிவில் மடக்கு மேசை போட்டு அமர்ந்திருந்த பெண், "இன்று யாரைப் பார்க்க வந்தீர்கள்?" என்று என்னைக் கேட்டார். இருவர் இருவராகச் சேர்ந்து நகைச்சுவை நிகழ்த்த அன்று மேடையேறவிருந்த பதினைந்து இரட்டையரில் ஒருவரையும் அறியாத நான், "எல்லாரையும்" என்றேன். அவர் 1500 யென் வாங்கிக்கொண்டார். எதிரிலிருந்த பெயர்ப் பட்டியலில் எதையும் குறிக்கவில்லை.

அந்தக் குறிப்பின் மதிப்பு எனக்குப் பிறகுதான் விளங்கியது. இத்தகைய சிறு நிகழ்ச்சிகள் பலவற்றில், ஒவ்வொரு கலைஞரும் இத்தனை நுழைவுச்சீட்டுகளை விற்றாக வேண்டும் என்ற கணக்கு உண்டு. விற்காதவற்றுக்கு அவர்களே கைக்காசைக் கட்ட வேண்டும். ஆகவே ஒருவர் பெயரைச் சொல்லி உள்ளே போவதே அவருக்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவி. அடுத்த முறை, அன்று எனக்குப் பிடித்துப்போன இரட்டையருக்கே எக்ஸ் தளத்தில் தனிச்செய்தி அனுப்பி, நாளையும் எண்ணிக்கையையும் கதகானா என்ற ஜப்பானிய எழுத்தில் என் பெயரையும் எழுதி, ஒரு சீட்டு எடுத்துவைக்கச் சொன்னேன். இதை 'தொரிஓகி' என்பார்கள். வாசலில் பணம் கட்டினால் போதும், முன்பதிவு விலைதான். மேசைப் பெண் அவர்கள் பெயருக்கு நேரே ஒரு கோடு இழுத்தார். ஐந்து கோடுகளால் ஆன 正 என்ற எழுத்தைக் கொண்டுதான் ஜப்பானில் எண்ணிக்கை வைக்கிறார்கள். என்னுடையது அதன் இரண்டாவது கோடு.

மொழி தடையாக இருக்கும் என்று அஞ்சியிருந்தேன். மன்சாய் எனப்படும் இருவர் நகைச்சுவை உரையாடலில், பொகே எனப்படுபவர் தவறாகப் பேசுவார், ட்சுக்கோமி எனப்படும் தோழர் உடனே இடித்துத் திருத்துவார். அன்று பொகே, "வழியில் கிடந்த பணப்பையை எடுத்துக்கொண்டு, காவல் சாவடி வரைக்கும் மூச்சிரைக்க ஓடி…" என்று நிறுத்தி, "தாண்டிப் போனேன்" என்று முடித்தார். தோழரின் கை அவர் தோளில் விழுந்தபோது நானும் மற்றவர்களோடு சேர்ந்தே சிரித்தேன். ஜப்பானிய மொழியிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும் என்பதால், அந்த இடைவெளியில் காத்திருக்கத் தமிழ்க் காதுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தொலைக்காட்சிப் பிரபலங்களைக் கிண்டல் செய்யும் பகுதிகள் மட்டும் எனக்கு இன்றும் பிடிபடுவதில்லை.

இருபது நாற்காலிகளே உள்ள அறையில் ஒருவரின் சிரிப்பும் மேடைக்குக் கேட்கும் என்பதால், வெளிநாட்டவர் கூச்சப்பட்டுப் பின்வரிசையில் ஒதுங்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். படம் பிடிப்பதும் ஒலிப்பதிவு செய்வதும் பொதுவாகக் கூடாது. இறுதியில் தரும் கருத்துத்தாளில் இரண்டு வரியாவது எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை. மேடையில் நிற்பவர்களில் நாற்பதைக் கடந்தவர்களும் உண்டு. இத்தகைய சிறு மேடைகளில் நெடுங்காலம் உழைத்த நிஷிகிகோய் இரட்டையர் 2021இல் எம்-1 கிராண்ட் பிரிக்ஸ் மன்சாய்ப் போட்டியை வென்றபோது, அவர்களில் ஹசெகவா மசனோரிக்கு வயது 50. அங்கே வியர்வை வழிய நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது.

மூன்றாம் முறை போனபோது, மேசைப் பெண் என்னை எதுவும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்ததும் உரிய பெயருக்கு நேரே கோட்டை இழுத்துவிட்டு, மீதிச் சில்லறையை எண்ணத் தொடங்கினார்.