அம்மியில் அரைத்த ஹாட் சாக்லேட்

போடியில் பஸ் ஏறும்போது வியர்த்துக் கொட்டியது. ஜனவரி இரண்டாம் வாரம் என்பதெல்லாம் போடிக்குத் தெரியாது. மடியில் ஸ்வெட்டர், மப்ளர், சித்திக்குப் பொங்கல் சேலை. பக்கத்து சீட்டுக்காரர், ‘இந்தப் புள்ள எதுக்கு இம்புட்டுக் கம்பளி சுமக்குது’ என்பதுபோலப் பார்த்தார். மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டியதும் அவரே துண்டை எடுத்துக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். போடிமெட்டில் இறங்கி டீ குடித்தபோது நான் ஸ்வெட்டருக்குள் இருந்தேன்.

அப்புறம் பூப்பாறை, ஆனையிறங்கல் அணை, சின்னக்கானல், தேவிகுளம். 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டுக்கு வேண்டும் என்று கேட்டு, கிடைக்காமல் போன கதை எங்கள் பக்கம் எல்லா வீட்டுத் திண்ணையிலும் உண்டு. இப்போதும் கேரளா வந்துவிட்டது என்பதைக் கடை போர்டுகள்தான் சொல்கின்றன. பஸ்ஸுக்குள் நடக்கிற சண்டையும் சமாதானமும் தேனி, தென்காசித் தமிழில்தான்.

மூணாறில் இறங்கும்போது மணி ஐந்து. எஸ்டேட்டுக்குப் போகிற ஜீப் நிறைவதற்கு ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். மூணாறு பஜாரில் தடுக்கி விழுந்தால் ஹோம்மேட் சாக்லேட் கடை. அதில் ஒன்றின் வாசலில் ‘ஹாட் சாக்லேட்’ என்று எழுதியிருந்தது, போய் உட்கார்ந்துவிட்டேன். 160 ரூபாய். மேலே வெள்ளை நுரை, நுரைமேல் சாக்லேட் சிரப்பில் ஒரு இதயம். முதல் நாலு மடக்கு சுகமாகத்தான் இருந்தது. பீங்கான் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால் விரல் நுனியிலிருந்து உயிர் திரும்புகிறது. ஐந்தாவது மடக்கில்தான் தெரிந்தது, நான் குடித்துக்கொண்டிருப்பது சூடான சர்க்கரைப் பால். உள்ளூர் சாக்லேட்டா என்று கேட்டேன். பவுடர் டப்பாவைக் காட்டினார் பையன். எங்கோ வடக்கே தயாரித்த டப்பா.

இதை அன்று ராத்திரி சித்தி வீட்டில் புலம்பியதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

சித்தியும் சித்தப்பாவும் முப்பது வருஷத்துக்கு மேல் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள். தொழிலாளர்களுக்கு எஸ்டேட் வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று, இரண்டு அறை லயம், பின்னால் விறகடுப்பு, அடுப்புக்குப் பக்கத்தில் சுவரோடு அடுக்கிய கிராண்டிஸ் என்கிற தைல மர விறகு. சித்தப்பா குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருப்பார். நவம்பரில் போடுகிற குல்லா, பிப்ரவரியில்தான் கழற்றுவார். அவர்கள் பையன், என் தம்பி, அடிமாலியில் ஒரு மலஞ்சரக்குக் கடையில் கணக்கு எழுதுகிறான். மிளகு, ஏலம், ஜாதிக்காய் என்று மலையில் விளைவதையெல்லாம் வாங்கி விற்கிற கடை.

“நூத்தி அறுபது ரூவா குடுத்தியாக்கா? நாளைக்கு உணக்கக் குரு கொண்டாரேன், நீயே போட்டுக் குடி” என்றான்.

யாரோ சாமியாரைச் சொல்கிறான் என்று நினைத்தேன். மலையாளத்தில் குரு என்றால் கொட்டை, உணக்க என்றால் காய்ந்தது. காயவைத்த கொக்கோ கொட்டையைச் சொல்லியிருக்கிறான். அவனுக்கு இரண்டு பாஷைக்கும் நடுவில் கதவே கிடையாது.

மூணாறு உயரத்தில் கொக்கோ வராது, அதற்கு வெக்கை வேண்டும். ஆனால் முப்பது கிலோமீட்டர் இறங்கினால் அடிமாலி, அதைச் சுற்றிக் கமுகுக்கும் தென்னைக்கும் அடியில் கொக்கோ நிற்கிறது. காய் கிளை நுனியில் தொங்காமல், நம்ம பலா மாதிரி அடிமரத்திலேயே ஒட்டிக் காய்க்கும். பழுத்ததை உடைத்தால் வெள்ளைச் சதை போர்த்திய முப்பது, நாற்பது கொட்டைகள். சதை புளிப்பும் இனிப்புமாக இருக்கும், அணிலும் எலியும் நமக்கு முன்னால் வந்துவிடும். சதையோடு குவித்து, வாழையிலை போட்டு மூடி, நடுநடுவே கிளறிவிட்டு ஐந்தாறு நாள் புளிக்க வைக்க வேண்டும். குவியலுக்குள் கைவிட்டால் சுடும் என்றான் தம்பி. அப்புறம் வெயிலில் காயவைக்க வேண்டும். புளிக்க வைக்காத கொட்டையை என்னதான் வறுத்தாலும் சாக்லேட் வாசனை வராது. 2024 கோடையில் ஆப்பிரிக்காவில் விளைச்சல் படுத்து, இங்கே காய்ந்த கொட்டை கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டியபோது, ‘மரத்தை வெட்டிட்டு ரப்பர் வச்சவனெல்லாம் தலையில கைவச்சு உட்கார்ந்துட்டான்’ என்று சிரித்தான். அந்த விலை நிற்கவில்லை என்பது வேறு கதை.

மறுநாள் விடியற்காலை வாசலைத் திறந்தால், பள்ளத்துப் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல வெள்ளை. உறைபனி. செருப்பு வைத்தால் நொறுநொறு என்றது. டூரிஸ்டுகள் இதைப் போட்டோ எடுக்க விடியுமுன் ஜீப்பில் வருகிறார்கள். சித்தப்பா தேயிலையைப் பார்த்து ‘ச்ச்’ கொட்டினார். இந்தப் பனிமேல் வெயில் பட்டால் கொழுந்து கருகிவிடும்.

சாயங்காலம் தம்பி 200 கிராம் கொட்டையைப் பேப்பரில் மடித்துக் கொண்டுவந்தான். மோந்து பார்த்தால் சாக்லேட் இல்லை, வினிகர். புளித்த வாசம். இரும்புச் சட்டியில் போட்டு இளந்தீயில் வறுத்தேன். பத்து நிமிஷம் வரை வினிகர்தான் மூக்கில் ஏறியது. அப்புறம் ஒவ்வொன்றாகப் படபடவென்று வெடிக்கத் தொடங்கியது. வேர்க்கடலை வெடிப்பதைவிட மெல்லிய சத்தம். அந்த வெடிப்போடு வாசனை திரும்பியது பாருங்கள், லயத்தின் அடுத்தடுத்த வீடுகளிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அதற்குள் நான் நாலு கொட்டையைக் கருக்கிவிட்டேன், சித்தி சட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

கைச்சூடு பொறுக்கும் பதத்தில் தோலை நசுக்கி, சுளகில் போட்டுப் புடைத்தார். உமி பறந்தது, கறுப்புப் பருப்பு நின்றது. ஒன்றை வாயில் போட்டால் கசப்பு, அதன் பின்னால் ஒரு புளிப்பு, ரொம்ப நேரம் கழித்து, யோசித்துப் பார்த்தால், சாக்லேட்.

அம்மியில்தான் சிக்கல். பருப்பு அரைபடும்போது எண்ணெய் விட்டு விழுதாக வேண்டும், கொக்கோவில் பாதிக்குப் பாதி கொழுப்புதான். ஆனால் அந்தக் கொழுப்பு உருக நம் உடம்புச் சூடு அளவுக்காவது சூடு வேண்டும். சித்தியின் அம்மி ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்த அம்மி. எத்தனை இழுத்தாலும் தூளாகவே உதிர்ந்தது. சித்தி ஒன்றும் பேசாமல் ஒரு சொம்பு கொதிக்கும் நீரை அம்மிமேலும் குழவிமேலும் ஊற்றித் துடைத்தார். அடுத்த பத்து இழுப்பில் தூள் பளபளத்தது, அதன்பின் இளகியது, கடைசியில் தார் மாதிரிக் குழவியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மெக்சிகோவில் இதே வேலைக்கு மெட்டாட்டே என்று ஒரு கல் வைத்திருக்கிறார்கள், அச்சு அசலாக நம்ம அம்மியின் பங்காளி. சாக்லேட் அரைக்கும்போது அதன் அடியில் கங்கு போட்டுச் சூடேற்றுவார்கள். சித்திக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.

இனிப்புக்குப் பொங்கலுக்கு வாங்கி வைத்த மறையூர் வெல்லம். உருண்டையாக, கையால் பிடித்த தடம் தெரிய, கருப்பாக இருக்கும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய வெல்லம். நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி கொதிக்கிற பாலில் அதைத் தட்டிப் போட்டேன். ஒரு நிமிஷம். பால் திரிந்து திப்பித் திப்பியாக மிதந்தது.

“கூறு கெட்டவளே, பாயாசத்துக்கு எப்படிப் போடுவோம்? அதுவும் பொங்க வெல்லத்தை!” என்று சித்தி தலையில் அடித்துக்கொண்டார். வெல்லத்தைத் தனியாகக் காய்ச்சி, மண் போக வடிகட்டி, பாலை இறக்கிச் சூடு கொஞ்சம் தணிந்தபின் சேர்க்க வேண்டும். தெரிந்த விஷயம்தான். ஹாட் சாக்லேட் என்று இங்கிலீஷில் பெயர் வைத்ததும் சமையலறையில் படித்ததெல்லாம் மறந்துவிடுகிறது.

இரண்டாம் தடவை ஒழுங்காகச் செய்தோம். ஆளுக்கு ஒரு பெரிய ஸ்பூன் விழுது. முதலில் கொஞ்சம் வெந்நீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு பால். நேரே பாலில் போட்டால் மேலே திட்டுத் திட்டாக மிதக்கும். போடியில் வாங்கிய ஏலக்காய் இரண்டு தட்டிப் போட்டேன். இறக்கியதும் வெல்லப் பாகு. மேலே எண்ணெய் லேசாக மின்னியது. டப்பா பவுடரில் இது வராது. நெதர்லாந்தில் வான் ஹூட்டன் குடும்பம் 1828-ல் காப்புரிமை வாங்கிய முறையில், கொட்டையை அழுத்திக் கொழுப்பில் பெரும்பங்கை எடுத்துவிட்டுப் பொடியாக்குவதுதான் கொக்கோ பவுடர். சுலபமாகக் கலக்கும். ஆனால் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்குகிற அந்தக் கனம் போய்விடும்.

அப்புறம் சித்தி, யாரும் சொல்லாமலே, இரண்டு சொம்பை எடுத்து ஆற்ற ஆரம்பித்தார். ஒரு கை தலைக்கு மேலே, ஒரு கை இடுப்புக்குக் கீழே. பழுப்பு நுரை பொங்கி வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் 1,300 வருஷப் பழைய மாயா குவளை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பெண் நின்றுகொண்டு, உயரத்திலிருந்து ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சாக்லேட்டை ஊற்றுகிறாள், நுரைக்காக. எஸ்பிரஸ்ஸோ மெஷினுக்கு முன்னால் இருந்தது ஆற்றுகிற கைதான். ஒரு வித்தியாசம், அவர்கள் குடித்ததில் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. மிளகாய் போட்டுக் குடித்திருக்கிறார்கள். இதைச் சொன்னதும் தம்பி எழுந்து போய் ஒரு காந்தாரி மிளகாயைக் கிள்ளி வந்து அவன் தம்ளரில் மட்டும் போட்டுக்கொண்டான். இரண்டு மடக்கு குடித்துவிட்டு, “குளிரு போச்சுக்கா, காதும் போச்சு” என்றான்.

ருசி? கடைக் கோப்பையைப் போல வழவழப்பு இல்லை, அம்மியில் அவ்வளவுதான் அரைபடும். நாக்கில் நறநறவென்று தட்டுப்பட்டது, தம்ளர் அடியில் வண்டல் நின்றது. ஆனால் கசப்பும் வெல்லத்தின் கருகல் வாசமும் ஏலக்காயும் ஒன்றை ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டு இறங்கின. பால் விடாத கட்டன் சாயாவைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காத சித்தப்பா, “எனக்கு வேணாம்த்தா” என்று சொல்லிவிட்டு, எல்லோரும் குடித்து முடித்தபின் சட்டியை வழித்துக்கொண்டிருந்தார்.

மிச்ச விழுது எலுமிச்சை அளவு இருந்தது. ராத்திரிக்குள் கல்லாக இறுகிவிட்டதைப் பேப்பரில் சுற்றி, பொங்கல் முடிந்து கிளம்பும்போது சித்தி என் பையில் வைத்தார். போடிமெட்டில் தொட்டுப் பார்த்தேன், கல்தான். எனக்குக் கிடைத்தது இன்ஜினை ஒட்டிய சீட், பை காலடியில். வளைவு இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றி, மப்ளரைக் கழற்றி, போடியில் இறங்கிப் பையைத் திறந்தால் பேப்பர் எண்ணெயில் நனைந்து, உருண்டை அடையாகச் சப்பிப்போய், சித்தி கட்டிக்கொடுத்த முறுக்கில் பாதி சாக்லேட் முறுக்கு. பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றை எடுத்துக் கடித்தேன். கசந்தது. இன்னொன்றும் எடுத்தேன்.