பிளே சொல்லப்போவது யார்: கொலம்பஸ் நாட்குறிப்பு

2023 டிசம்பர் 30, சனி

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து, நம் அணி கொலம்பஸ் ஊரின் ஒஹையோ ஸ்டேட். மிசௌரி 14, ஒஹையோ ஸ்டேட் 3. சீஸன் முடிவு ஆட்டமான காட்டன் பவுலில் அறுபது நிமிஷம் ஆடி ஒரு டச்டவுன் (எதிரணிக் கோட்டைப் பந்தோடு கடப்பது) இல்லை. பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் டெவின் பிரவுன் கணுக்காலில் அடிபட்டு வெளியே போனார். ரிசீவர் (பாஸ் பிடிப்பவர்) மார்வின் ஹாரிசன் ஜூனியர் ஆடவே இல்லை. முதல் வருஷப் பையன் லிங்கன் கீன்ஹோல்ஸ்தான் மீதியை ஓட்டினார். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் லைன் (முன்னால் நின்று தடுக்கும் ஐந்து பேர்) எதிராளியை அரை அடி பின்னால் தள்ள முடியாதபோது எந்தக் குவாட்டர்பேக் நின்றாலும் இதே கதி. ரயன் டே கையில் ஒரே நேரத்தில் மூன்று வேலை இருக்கிறது: ஹெட் கோச், பிளே சொல்பவர் (ஒவ்வொரு முறையும் எந்த நகர்வை ஆடுவது என்று தீர்மானிப்பவர்), குவாட்டர்பேக்குகளுக்கு வாத்தியார். ஒன்றையாவது இறக்கி வைக்க வேண்டும்.

2024 ஜனவரி 4, வியாழன்

குவாட்டர்பேக் வில் ஹவர்டு கான்சஸ் ஸ்டேட்டிலிருந்து வருகிறார். ஆறடி நாலு அங்குலம், முட்டி மோதி ஓடக்கூடிய உடம்பு. மூன்றாவது டவுன், ஒரு யார்டு (பத்து யார்டு எடுக்கக் கிடைக்கும் நான்கு முயற்சியில் மூன்றாவது, இன்னும் ஒரு யார்டு பாக்கி) என்ற நிலைமைக்கு இதுதான் மருந்து. குவாட்டர்பேக் பந்தைக் கைமாற்றிவிட்டு நின்று வேடிக்கை பார்த்தால் எதிரணிக்கு ஒரு ஆள் மிச்சம். அவரே பந்தோடு ஓடினால் வழக்கமாகப் பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் தடுக்கப் போகலாம், கணக்கு சமமாகிவிடும். அந்த ஓட்டத்தைத் துணிந்து சொல்லக்கூடிய ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஜனவரி 9, செவ்வாய்

நம் பரம எதிரி மிச்சிகன் தேசிய சாம்பியன். 34-13. இன்றைக்கு இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஜனவரி 11, வியாழன்

நேற்று அலபாமா ஹெட் கோச் நிக் சேபன் ஓய்வு. இன்று என்எஃப்எல் (தொழில்முறை லீக்) ஹெட் கோச் பெலிசிக்கும் அவருடைய அணி பேட்ரியாட்ஸும் பிரிந்துவிட்டார்கள். தலை நகர்ந்தால் அதன் கீழிருக்கும் மொத்தக் கோச்சிங் ஸ்டாஃபும் ஆடும். என்எஃப்எல் லீக் ஆட்டங்கள் முடிந்த கையோடு வேலை போனவர்கள், போகுமோ என்று பயப்படுகிறவர்கள் எல்லாம் ஏஜெண்டுக்குப் போன் போடும் வாரம் இது. வசந்தகாலப் பயிற்சி தொடங்குவதற்குள் கல்லூரிகள் ஆள் பிடித்துவிட வேண்டும். டே இப்போது பிடிக்கவில்லையென்றால் நல்ல பெயர்களெல்லாம் போய்விடும்.

ஜனவரி 14, ஞாயிறு

"நல்ல ஓ.சி.யைக் கொண்டு வா" என்று எல்லோரும் சொல்கிறார்கள் (ஓ.சி. என்றால் அஃபென்ஸை, அதாவது பந்து வைத்து ஆடும் பக்கத்தை, நடத்தும் கோச்). எந்த நாற்காலியில் உட்கார வைப்பது என்று யாரும் சொல்வதில்லை. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏவின் இப்போதைய (2024 ஜனவரி) விதிப்படி களத்தில் சொல்லிக்கொடுக்க ஹெட் கோச்சுக்குக் கீழே பத்து பேர்தான். போன சீஸனில் இருந்தவர்களை எண்ணிப் பார்க்கலாம். அஃபென்ஸில் பிரையன் ஹார்ட்லைன் (ரிசீவர்கள், பெயரளவில் ஓ.சி.யும் அவர்தான்), ஜஸ்டின் ஃப்ரை (லைன்), டோனி ஆல்ஃபர்டு (ரன்னிங் பேக்), கீனன் பெய்லி (டைட் எண்ட், அதாவது லைன் ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்கள்), கோரி டென்னிஸ் (குவாட்டர்பேக்). ஐந்து. டிஃபென்ஸில் ஜிம் நோல்ஸ், லாரி ஜான்சன், டிம் வால்டன், பெரி எலியானோ. ஒன்பது. பந்தை உதைக்கும் நேரங்களைப் பார்க்கும் ஸ்பெஷல் டீம்ஸுக்குப் பார்க்கர் ஃபிளெமிங். பத்து முடிந்தது. ஜேம்ஸ் லாரினைடிஸை முழுநேரக் கோச்சாக்க வேண்டும் என்ற பேச்சு வேறு.

ஆகவே புதிய ஓ.சி. வந்தால் ஒருவர் போக வேண்டும். ஹார்ட்லைனைத் தொட முடியாது. இங்கே வந்து குவியும் ரிசீவர்கள் அவர் முகத்தைப் பார்த்து வருகிறவர்கள். ஃப்ரையை மாற்றினால் லைன் பையன்கள் தடுக்கும் முறையையே மறுபடி அடியிலிருந்து கற்க வேண்டும். மிஞ்சுவது குவாட்டர்பேக் கோச் இடம். அதாவது வருகிறவர் பிளே சொல்லவும் வேண்டும், குவாட்டர்பேக் அறையையும் நடத்த வேண்டும். தேடுதல் இங்கேயே பாதியாகச் சுருங்கிவிடுகிறது. ரன்னிங் பேக் கோச்சாகவோ லைன் கோச்சாகவோ வளர்ந்த ஓ.சி.க்கள் எத்தனை கெட்டிக்காரர்களானாலும் இந்தப் பட்டியலில் இடமில்லை.

ஜனவரி 16, செவ்வாய்

ஓ.சி. நேர்காணலில் எதைக் கேட்க வேண்டும் என்று மனசு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜெயித்த ஆட்டத்தின் வீடியோவைப் போட்டுக் காட்டச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. தோற்ற ஆட்டத்தின் கால் ஷீட்டை (எந்த நிலைமைக்கு எந்த பிளே என்று எழுதிய தாளை) கொண்டு வரச் சொல்ல வேண்டும். முதல் பதினைந்து பிளே எழுதி வைத்தபடி போனதா, எங்கே விலகினார், ஏன்? மூன்றாவது டவுன் பகுதி எப்படிப் பிரிந்திருக்கிறது: 1-2 யார்டு, 3-6, 7-10, அதற்கு மேல். ரெட் ஸோனில் (எதிரணி கோல் லைனுக்கு முன்னால் கடைசி 20 யார்டு) 20, 10, 5 என்று தனித்தனிப் பட்டியல் உண்டா? சொந்த கோல் லைனுக்கு ஐந்து யார்டுக்குள் மாட்டிக்கொண்டால் என்ன? ஆறு புள்ளி முன்னிலையில் கடைசி நான்கு நிமிஷத்தைக் கரைக்க என்ன வைத்திருக்கிறார்?

பிறகு பலகை. மார்க்கரைக் கையில் கொடுத்து, ஒரு ஓட்டமும், குவாட்டர்பேக் எறியும்வரை அவரைக் காக்கும் ஒரு பாஸ் புரொடெக்‌ஷனும் பதினெட்டு வயசுப் பையனுக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொடுக்கச் சொல்ல வேண்டும். கோடு போடுவது எல்லோருக்கும் வரும். "மைக் லைன்பேக்கர் இவர்தான்" என்று எதிரணி டிஃபென்ஸின் நடு ஆளைக் கை காட்டி அறிவிப்பது சென்டரா (லைன் நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுப்பவர்), குவாட்டர்பேக்கா? பாதி லைன் எந்தப் பக்கம் சரியும்? எதிரணி கடைசி நொடியில் ஒரு ஆளை நகர்த்தினால் அதை யார் மாற்றுவது? இந்த மூன்றுக்கும் திக்காமல் பதில் வர வேண்டும். ஒவ்வொரு கோச்சும் இதை ஒவ்வொரு விதமாக வைத்திருப்பார். லைன் கோச் ஒரு முறையும் ஓ.சி. இன்னொரு முறையும் சொல்லிக்கொடுத்தால் சென்டரும் குவாட்டர்பேக்கும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். சென்டர் பக்கத்து இடைவெளி வழியாக ஒருவன் யாரும் தொடாமல் வந்து சேர்வான்.

ஜனவரி 19, வெள்ளி

புதிய ஓ.சி. பில் ஓபிரையன்!

பென் ஸ்டேட்டிலும் ஹூஸ்டன் டெக்ஸன்ஸிலும் ஹெட் கோச், 2021-லும் 2022-லும் அலபாமாவின் ஓ.சி. அங்கே குவாட்டர்பேக் பிரைஸ் யங் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதை வாங்கியபோது பிளே சொன்னவர். குவாட்டர்பேக்குகளையும் அவரே பார்ப்பார். டென்னிஸ் இடம் காலியாகும். போன சீஸனில் அவர் ஓ.சி.யாக இருந்த பேட்ரியாட்ஸ் 17 ஆட்டத்தில் 236 புள்ளிதான் எடுத்தது, லீக்கிலேயே கடைசி வரிசை. அதைச் சொல்லித் திட்டுகிறவர்களுக்கு: அங்கே லைன் இல்லை, ரிசீவர் இல்லை, குவாட்டர்பேக் வாராவாரம் ஆட்டம் கண்டார். இங்கே ரிசீவர் எமெக்கா எக்புகா திரும்புகிறார், ரன்னிங் பேக் டிரெவியான் ஹெண்டர்சன் திரும்புகிறார், ஓல் மிஸ்ஸிலிருந்து இன்னொரு ரன்னிங் பேக் குவின்ஷான் ஜட்கின்ஸ் வந்துவிட்டார்.

எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது, கால் ஷீட் டேயின் கையை விட்டுப் போகப்போகிறது என்பதுதான். பிளேக்கு நடுவே 40 நொடி. 30 மிச்சமிருக்கும்போது ஓ.சி. வாயிலிருந்து பிளே வந்துவிட வேண்டும், 22-க்குள் ஓரத்தில் நிற்பவர்கள் சைகை காட்டி முடிக்க வேண்டும், குவாட்டர்பேக்குக்கு எதிரணியின் பின்வரிசையில் நிற்கும் சேஃப்டிகளைப் பார்த்துப் புரொடெக்‌ஷனை மாற்ற முழுசாகப் பதினைந்து நொடியாவது கிடைக்க வேண்டும். ஹெட்செட்டில் ஹெட் கோச் "இது வேண்டாமே" என்று குறுக்கே வந்தால் ஐந்து நொடி போச்சு. பன்னிரண்டில் பிளே வந்து சேரும் குவாட்டர்பேக், வந்ததை அப்படியே ஓட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது. ஒரே உறையில் இரண்டு கத்தி வேண்டாம். சைகையை எதிரணி படிக்கும் தொல்லையும் இருக்கிறது. எதிரணிகளின் சைகைகளைத் திருடியதாக மிச்சிகன் ஊழியர் கானர் ஸ்டேலியன்ஸ் மீது எழுந்த விவகாரத்துக்குப் பிறகு மணிக்கட்டுப் பட்டையில் எண் போட்டுத் தந்தாலும் அதுவும் நொடிகளைத் தின்கிறது. பவுல் ஆட்டங்களில் சோதித்துப் பார்த்த ஹெல்மெட் ரேடியோவை எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சனை தீரும்.

ஜனவரி 20, சனி

அலபாமா சேஃப்டி காலெப் டவுன்ஸும் வருகிறார். சேபன் போனதும் அலபாமா பையன்களுக்கு வேறு கல்லூரிக்கு மாறத் திறந்த முப்பது நாள் கதவு. சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

ஜனவரி 26, வெள்ளி

மிச்சிகன் ஹெட் கோச் ஹார்பா என்எஃப்எல் அணியான சார்ஜர்ஸுக்குப் போனார், மிச்சிகனில் இனி ஷெரோன் மோர் ஹெட் கோச். அங்கே ஓ.சி.யாக இருந்தவர். நவம்பர் 25 அன்று ஹார்பா தடையில் இருந்தபோது நின்று நம்மை 30-24 தோற்கடித்தவர். லைன் கோச்சாகவும் இருந்த ஆள். மூன்றாவது டவுன் ஒரு யார்டைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

பிப்ரவரி 1, வியாழன்

ஜெஃப் ஹாஃப்லி பாஸ்டன் காலேஜை விட்டு என்எஃப்எல்லில் கிரீன் பே டிஃபென்ஸை நடத்தப் போகிறார். 2019-ல் இங்கே டிஃபென்ஸைப் பார்த்தவர், நல்ல மனிதர். ஆனால் இப்போது பாஸ்டனில் ஹெட் கோச் நாற்காலி காலி. ஓபிரையன் மாசசூசெட்ஸ்காரர். குடும்பம், ஊர், மண் எல்லாம் அங்கே.

இதை எழுதவே பிடிக்கவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

ஓபிரையன் பெயர் பாஸ்டன் பட்டியலில் மேலே இருக்கிறது. ஒப்பந்தம் இருக்கிறதே என்று ஆறுதல் சொல்கிறார்கள். அசிஸ்டெண்ட் கோச் ஒப்பந்தங்களில், இன்னொரு இடத்துக்கு அதே பதவியில் போனால் பணம் கட்ட வேண்டும், ஹெட் கோச்சாகப் போனால் குறைவாகவோ ஒன்றுமே இல்லாமலோ விடலாம் என்று எழுதுவதுதான் வழக்கம். அப்படி எழுதாவிட்டால் நல்லவர் யாரும் கையெழுத்துப் போட மாட்டார். பிடித்து வைக்க வழி இல்லை.

போனால் என்ன ஆகும்? வசந்தகாலத்தில் 15 பயிற்சிதான் அனுமதி. முதல் நாளில் ஸ்னாப் (சென்டர் பந்தைப் பின்னால் கொடுப்பது) எண்ணிக்கை, அணிவகுப்புப் பெயர்கள், லைன் நடுவழியாகப் போகும் இன்சைட் ஸோன் ஓட்டம், ஆறு பேர் தடுக்கும் ஒரு புரொடெக்‌ஷன், இரண்டு சின்ன பாஸ். அடுத்த நாள் முந்தையதை உறுதி செய்து இன்னொரு அடுக்கு. அதற்கும் முன்னால் ஒரு பெரிய முடிவு இருக்கிறது: யாருடைய சொற்கள்? ஓ.சி. அணியின் சொற்களைக் கற்றுக்கொண்டால் கஷ்டப்படுவது ஒருவர். ஓ.சி.யின் சொற்களை அணி கற்றுக்கொண்டால் கஷ்டப்படுவது அறுபது பேர். என்எஃப்எல்லிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள். ஒரு பிளேயின் பெயரே பத்து சொல் நீளம். முதல் வருஷ டேக்கிள் (லைன் ஓரத்து ஆள்) தன் காதில் விழ வேண்டிய ஒரு சொல்லை அதில் தேடிக்கொண்டே தாமதமாக எழுந்திருப்பான். கால் அசையாததற்குக் காரணம் சோம்பல் என்று நினைத்து அவனைத் திட்டுவார்கள்.

கையில் இருந்த ஆள் போய்விட்டால், பிப்ரவரி நடுவில் சந்தையில் யார் மிச்சம்? எல்லோரும் எங்கேயோ கையெழுத்துப் போட்டாயிற்று.

பிப்ரவரி 9, வெள்ளி

போய்விட்டார். பாஸ்டன் காலேஜ்.

அதே நாள், பின்னேரம்

சிப் கெல்லி. யுசிஎல்ஏ ஹெட் கோச் பதவியை விட்டுவிட்டு இங்கே ஓ.சி.யாக. திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 10, சனி

நேற்று ராத்திரி முழுக்க இதே யோசனை. ஹெட் கோச் பதவியில் இருந்துகொண்டே இறங்கி வருகிறவர் அபூர்வம். சம்பளமும் நன்றாகக் குறையும். ஆரிகனில் நான்கு வருஷம் 46 வெற்றி, 7 தோல்வி. யுசிஎல்ஏயில் ஆறு வருஷத்தில் 35-34. முதல் கணக்கைச் சொல்லிக் குதிப்பவர்களும் இரண்டாவதைச் சொல்லி இழுப்பவர்களும் ஒரே தவறைச் செய்கிறார்கள். இரண்டுமே ஹெட் கோச்சின் கணக்கு. ஆள் சேர்ப்பு, நன்கொடையாளர், போர்ட்டல் (ஆட்டக்காரர்கள் கல்லூரி மாறும் வழி), டிஃபென்ஸ் எல்லாம் அதில் கலந்திருக்கிறது. நமக்கு வேண்டியது சனிக்கிழமை கால் ஷீட் பிடிக்கும் கை மட்டும்.

டேயும் கெல்லியும் நியூ ஹாம்ப்ஷயர் மான்செஸ்டர்காரர்கள். நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் கெல்லி ஓ.சி., டே அவருடைய குவாட்டர்பேக். பிறகு 2015-ல் ஃபிலடெல்ஃபியாவிலும் 2016-ல் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் கெல்லியின் கீழ் குவாட்டர்பேக் கோச். மாணவனுக்குக் கீழே ஆசிரியர் வேலை பார்ப்பது சங்கடமாகாதா என்கிறார்கள். நான் மறுபக்கத்தைப் பார்க்கிறேன். டே இத்தனை வருஷமும் கால் ஷீட்டை விடாததற்குக் காரணம் கர்வம் இல்லை, தன் கண்ணில் படுவதையே பார்க்கும் இன்னொரு ஜோடிக் கண் கிடைக்காததுதான். தனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஹெட்செட்டின் மறுமுனையில் இருந்தால் குறுக்கே பேச வேண்டியிருக்காது. சொற்கள் விஷயத்திலும் நிம்மதி. இருவருக்கும் பாதி அகராதி பொது.

ஆரிகன் வேகம் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். படம் ஒட்டிய அட்டைகளைத் தூக்கிக் காட்டிப் பதினைந்து நொடிக்கு ஒரு பிளே ஓட்டிய கெல்லி பழைய கதை. யுசிஎல்ஏயில் அவர் நிதானமானவர். இரண்டு டைட் எண்ட் வைத்து, ஒரே ஓட்டத்தை ஐந்து விதமான அணிவகுப்பிலிருந்து காட்டுவார். லைன் பையனுக்கு வேலை மாறாது, எதிரணி லைன்பேக்கருக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் புதுசாகத் தெரியும். எதிரணி லைன் ஓரத்தில் நிற்கும் ஒரு டிஃபென்ஸிவ் எண்டைத் தடுக்காமல் விட்டு, அவன் எந்தப் பக்கம் போகிறான் என்று குவாட்டர்பேக் பார்த்து முடிவு செய்வது இன்னமும் அவர் ஓட்டங்களின் உயிர். வில் ஹவர்டுக்கு அளந்து தைத்ததுபோல் இருக்கிறது.

மூன்றாவது டவுன், ஒரு யார்டு. ஷாட்கன்னில் ஐந்து யார்டு பின்னால் நின்று பந்தை வாங்கி, அந்த ஐந்தையும் கடந்து பிறகு ஒன்று எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. அலபாமாவிலிருந்து வந்திருக்கும் சென்டர் செத் மெக்லாக்லினின் ஸ்னாப் ரோஸ் பவுலில் தாழப் போனதை எல்லோரும் பார்த்தார்கள். கைக்குக் கை கொடுத்தால் அந்தப் பயமும் இல்லை. குவாட்டர்பேக்கை சென்டருக்கு ஒட்டி நிறுத்துங்கள், கோச்.

பிப்ரவரி 12, திங்கள்

யுசிஎல்ஏ டிஷான் ஃபாஸ்டரை ஹெட் கோச்சாக்கிவிட்டது. கெல்லி கிளம்பிய நாளிலிருந்து அந்தப் பையன்களுக்கும் முப்பது நாள் கதவு திறந்திருக்கிறது. அவர்களை யாரும் இழுக்காமல் இருந்தால் நல்லது. இந்த வருஷம் அவர்களும் நம் லீக்கான பிக் டென் தான்.

பிப்ரவரி 15, வியாழன்

டைட் எண்ட் கணக்குதான் இப்போது உறுத்துகிறது. கேட் ஸ்டோவர் என்எஃப்எல்லுக்குப் போகிறார். ஜீ ஸ்காட் ஜூனியர் ரிசீவராக இருந்து மாறியவர். பந்து பிடிப்பார், ஆனால் டிஃபென்ஸிவ் எண்டுக்கு எதிரே கையை ஊன்றி நின்று தனியாளாகத் தள்ளுவது வேறு வேலை. ஒஹையோ பல்கலைக்கழகத்திலிருந்து வரும் வில் கக்மாரெக் தடுப்பதற்கென்றே கொண்டுவரப்படுகிறவர். கெல்லி இரண்டு டைட் எண்ட் வைத்து ஆட வேண்டுமென்றால் மூன்று பேராவது தேவை, ஒருவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டாலும் வாரத்தின் திட்டம் மாறக் கூடாது. ஏப்ரல் போர்ட்டலில் இன்னொருவரைத் தேட வேண்டியிருக்கும். பெய்லியோடு கெல்லி உட்கார்ந்து முதலில் பேச வேண்டியது இதைத்தான், ஹவர்டைப் பற்றி அல்ல.