அம்மாவின் மோதிரமும் வாஷிங்டன் ரயிலும்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கருப்பின நீதிபதி தர்குட் மார்ஷல். அங்கே அவர் உட்கார்ந்திருந்த 24 வருடங்களைவிட அதற்கு முந்தைய கதைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

1908-இல் பால்டிமோரில் பிறந்தவர். அம்மா ஆசிரியை. அப்பா ரயிலில் சாப்பாடு பரிமாறியவர். நேரம் கிடைத்தால் கோர்ட்டுக்குப் போய் வழக்குகளைக் கேட்டுக்கொண்டிருப்பார், மகன்களையும் கூட்டிப்போவார், வீட்டில் தர்குட் எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்பார். பள்ளியில் சேட்டை செய்தால் அரசியலமைப்புச் சட்டத்தைப் படிக்க வைப்பார்கள். படித்துப் படித்தே அது மனப்பாடமாகிவிட்டது!

மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி அவருடைய ஊரிலேயே இருந்தது. ஆனால் கருப்பின மாணவர்களைச் சேர்க்க மாட்டார்கள். சரி, வாஷிங்டனில் இருக்கிற ஹோவர்டு பல்கலைக்கழகம். அதற்குப் பணம் கட்ட அம்மா தன் நிச்சயதார்த்த மோதிரத்தையும் கல்யாண மோதிரத்தையும் அடகு வைத்தார். அங்கே தங்கிப் படிக்க வசதி இல்லாததால் தினமும் ரயிலில் போய் வந்தார், 1933-இல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். சட்டத்தை வைத்தே நிறவெறியை உடைக்கலாம் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், அத்தனை பெரிய ஆசான்.

படித்து முடித்த இரண்டே வருடத்தில், 1935-இல், ஹூஸ்டனோடு சேர்ந்து அதே மேரிலாண்ட் சட்டக் கல்லூரி மேல் வழக்கு நடத்தினார். டொனால்ட் மர்ரே என்ற கருப்பின இளைஞரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அதைப் படித்தபோது எனக்கு அந்த மோதிரங்கள்தான் ஞாபகம் வந்தன.

அப்புறம் தெற்கு மாநிலங்களில் ஊர் ஊராக வழக்குகள். 1946-இல் டென்னசியின் கொலம்பியாவில் ஒரு வழக்கை முடித்துவிட்டுத் திரும்பும் வழியில், குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகப் பொய் சொல்லிப் போலீஸ் அவரைப் பிடித்தது. கார் ஊருக்குள் போகாமல் ஆற்றுப் பக்கம் திரும்பியது. அந்தக் காலத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்: கருப்பினத்தவரை விசாரணையே இல்லாமல் கொன்றுவிடுவார்கள். கூட வந்த வக்கீல் அலெக்சாண்டர் லூபியைப் போகச் சொல்லியும் போகாமல், விடாமல் பின்னாலேயே வண்டியை ஓட்டிவந்தார். வேறு வழியில்லாமல் போலீஸ் ஊருக்குத் திரும்பியது. மாஜிஸ்திரேட் மார்ஷலின் மூச்சை மோந்து பார்த்து, இவர் குடிக்கவே இல்லை என்று விட்டுவிட்டார்.

அடுத்த எட்டு வருடத்தில், 1954 மே மாதம், பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற பிரவுன் வழக்கின் தீர்ப்பை வாங்கியவர் இவர்தான்.