இன்டேக்-அவுட்புட் சார்ட்டும் எடை மெஷினும்

நோயாளியின் உடம்புக்குள் ஒரு நாளில் போன திரவம் 2,400 மில்லி, வெளியே வந்தது 1,500 மில்லி, ஆக 900 மில்லி மிச்சம் என்று இன்டேக்-அவுட்புட் சார்ட் சொல்லும். ஆனால் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போவது எந்தக் கட்டத்திலும் ஏறுவதில்லை. காய்ச்சல் இல்லாத பெரியவருக்கே அது நாளுக்குச் சுமார் 500 முதல் 800 மில்லி. காய்ச்சல், மூச்சிரைப்பு இருந்தால் இன்னும் கூடும். அந்த 900 மில்லியில் பெரும்பகுதி உடம்பில் தங்கவே இல்லை.

எழுதுவதிலும் ஓட்டை நிறைய. 100 மில்லி சலைனில் கலந்து ஏற்றும் ஆன்டிபயாடிக் மூன்று வேளைக்கு 300 மில்லி. உணவு ஏற்றும் டியூப்பைக் கழுவ விடும் தண்ணீர் வேறு. இரண்டுமே அடிக்கடி விட்டுப்போகும். ஐஸ் துண்டுகளை அவற்றின் அளவில் பாதியாக எழுத வேண்டும். சிறுநீர்ப்பையைக் கழுவ விட்ட திரவத்தை, யூரின் பேக்கில் சேர்ந்ததிலிருந்து கழிக்க வேண்டும். நனைந்த டயப்பரை எடை போட்டு, உலர்ந்த டயப்பரின் எடையைக் கழித்தால் ஒரு கிராமுக்கு ஒரு மில்லி. சிறுநீரின் அளவைக் குறிக்காமல் ‘நன்றாகப் போனார்’ என்று எழுதுவதை என்ன செய்வது? அதைக் கூட்டவும் முடியாது, கழிக்கவும் முடியாது.

அதனால்தான் தினசரி எடை. காலையில், சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், அதே மெஷினில், அதே அளவு உடையோடு. ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். சதை அந்த வேகத்தில் வளராது. சார்ட் ஒன்று சொல்லி எடை வேறு சொன்னால், மெஷினைச் சரிபார்த்துவிட்டு எடையை நம்புங்கள். படுக்கையோடு எடை பார்க்கும்போது போர்வையும் யூரின் பேக்கும் கணக்கில் சேர்ந்துவிடும், கவனம்.

சிறுநீர் மணிக்கு, கிலோவுக்கு 0.5 மில்லிக்குக் குறையக் கூடாது. 60 கிலோ நோயாளிக்கு 30 மில்லி. குறைந்தால் முதலில் சிறுநீர் வடிக்கும் குழாயான கதீட்டர் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தும் குறைவு தொடர்ந்தால் டாக்டருக்குச் சொல்லத் தாமதிக்கக் கூடாது. நீர் பிரிக்கும் மருந்து கொடுத்திருந்தாலோ சர்க்கரை எகிறியிருந்தாலோ சிறுநீர் நிறையப் போவதை நல்ல அறிகுறியாக எடுக்க முடியாது. உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா என்று முதியவரின் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்ப்பதும் வீண். வயதாலேயே அது தளர்ந்திருக்கும்.

ஊட்டச்சத்து மதிப்பீட்டிலும் இதே எடைதான் ஏமாற்றும். 3 முதல் 6 மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் இளைத்தவர், பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 18.5-க்குக் கீழ் உள்ளவர், கடும் நோயில் 5 நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் சாப்பிடாதவர் எல்லாரும் அதிக ஆபத்தில் இருப்பவர்கள். ஆனால் கால் வீங்கியவரின் இளைப்பு மெஷினில் தெரியாது. அப்போது மேற்கையின் நடுச் சுற்றளவை அளந்து பாருங்கள், 23.5 செ.மீ.க்குக் கீழ் என்றால் பி.எம்.ஐ. 20-க்குக் கீழே இருக்க வாய்ப்பு அதிகம். ரத்தப் புரதமான ஆல்புமினைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். தொற்றும் அழற்சியும் வந்தாலே அது இறங்கிவிடும்.

பல நாள் பட்டினி கிடந்தவருக்கு உணவை வேகமாக ஏற்றினால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சரியும். இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். தயமின் (வைட்டமின் பி1) கொடுத்துவிட்டு, நாளுக்குக் கிலோவுக்கு 10 கிலோகலோரி அளவில் தொடங்கி மெல்ல உயர்த்துவது வழக்கம். அந்த முதல் சில நாளில் எடை 2 கிலோ ஏறினால் தேறிவிட்டார் என்று எழுதிவிட வேண்டாம். கணுக்காலை அழுத்திப் பாருங்கள், மூச்சு எண்ணிக்கையை எடுங்கள், அன்றைய பாஸ்பேட் ரிசல்ட் வந்ததா என்று கேளுங்கள்.