டின் போதாதா சார்?

குளுக்கோஸிலிருந்து ஹெச்எம்எஃப் (பிளாஸ்டிக்கும் எரிபொருளும் செய்ய உதவும் மூலப்பொருள்) எடுக்கும் வேலைக்கு வினையூக்கியாகக் குரோமியம் குளோரைடுதான் என்று நான் முடிவு செய்தபோது, ஆய்வு மாணவி கேட்டது இவ்வளவுதான்: “டின் போதாதா சார்?” டின் என்றால் வெள்ளீயம். அவர் ராணிப்பேட்டைக்காரர். மூடிக் கிடக்கும் ஆலையின் குரோமியக் கழிவு நிலத்தடி நீரில் இறங்கியதைப் பார்த்து வளர்ந்தவர்.

நான் சொன்ன பதில் வேதியியல்படி சரி. அங்கே நஞ்சாக இருப்பது குரோமியம் ஆறு (எண் அதன் ஆக்சிஜனேற்ற நிலை). நாம் கரைப்பது குரோமியம் இரண்டு. காற்றுப் பட்டால் மூன்றாகும், அவ்வளவுதான். அதோடு, குரோமியத்தை விட்டுவிட்டால் எங்கள் ஆராய்ச்சிக் கேள்வியே போய்விடும். எமிம் குளோரைடு என்ற அயனித் திரவத்தில் (குறைந்த சூட்டிலேயே உருகித் திரவமாகும் உப்பு) ஃப்ரக்டோஸ், உலோகம் ஏதும் இல்லாமலே சூட்டில் ஹெச்எம்எஃப் ஆகிவிடும். குளுக்கோஸ் அப்படி மசியாது. 2007-ல் அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகத்தினர் பல உலோகக் குளோரைடுகளைப் போட்டுப் பார்த்தார்கள். 6 மோல் சதவீதம் குரோமியம் இரண்டு குளோரைடு, 100 டிகிரி, 3 மணி நேரம்: சுமார் 70 சதவீத விளைச்சல். மற்றவை கிட்டவே வரவில்லை. கரைந்த குரோமியம் திரவத்திலுள்ள குளோரைடைச் சேர்த்துக்கொண்டு எதிர்மின் அயனியாகி, குளுக்கோஸை ஃப்ரக்டோஸாகத் திருப்புகிறது என்பது அவர்களின் விளக்கம். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புத்தான். டின் நான்கு குளோரைடு பிறகு வந்தது. அது வேறொரு அயனித் திரவத்தில், 60 சதவீதம் பக்கம்.

இதையெல்லாம் சொன்னேன். “கடைசியில அந்தத் திரவத்தை எங்க சார் ஊத்துவோம்?” என்றார். திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்றேன். “சரி சார்” என்று வேலையைத் தொடங்கிவிட்டார்.

அந்தச் ‘சரி’தான் உறுத்துகிறது. எத்தில் அசிட்டேட்டில் ஹெச்எம்எஃப் பிரிந்து வரும், குரோமியம் திரவத்திலேயே தங்கும். சர்க்கரை கருகிய ஹியூமினும் சேர்ந்து திரவம் ஒருநாள் கறுத்துத்தான் போகும். அன்றைக்கு அது குரோமியக் கழிவு. மூன்றுதான், ஆறு இல்லை. ஆனால் அவர் கேட்டது மூன்றா, ஆறா என்றா? எங்கள் குடுவை கைக்குள் அடங்கும், ஆலைக் கழிவோடு ஒப்பிடவே கூடாது என்றும் நினைக்கிறேன். ஆனால் ஆலை அளவுக்குப் போகத்தானே இந்த ஆராய்ச்சியே? பசுமை வேதியியல் என்றுதானே நிதி கேட்டோம்?

பத்து சதவீத விளைச்சலை விட்டுக்கொடுத்திருக்கலாமோ என்று தோன்றும். ஆனால் அடுத்து வந்த மாணவருக்கும் முதல் வேலையாகக் குரோமியத்தைத்தான் கொடுத்தேன். அதைச் செய்து பார்க்காமல், கரைந்த அயனி என்ன செய்கிறது என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. டின் இரண்டாவதாக இருக்கிறது.